ஊதா விளக்கில் காணாமற்போன இரண்டு பற்கள்

பல் செய்யும் நம் லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்வி. "அக்கா, எந்தப் பீங்கான் நல்லது?"

அதற்குப் பதில் சுவரிலேயே தொங்குகிறது. கம்பெனிக்காரர்கள் கொடுத்த அட்டவணை. எது எவ்வளவு பாரம் தாங்கும், எது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும், எதை எந்த உலையில் எவ்வளவு நேரம் சுட வேண்டும், எல்லாம் வண்ண வண்ணமாகப் போட்டிருக்கிறது. நான் ஓய்வு பெற்றுப் போன அன்று அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சுவரைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகிவிட்டால், பல்லை வாயில் மாட்டிக்கொண்டு வாழப்போகிற ஆளிடம் எதையும் கேட்கத் தோன்றாது. குணாவின் கல்யாணத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குணா சிம்பாங் பூலாய் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவர். ஆள் பெரிய உருவம், குரல் மட்டும் சின்னது. ஃபுட்சால் ஆட்டத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு போய் கோல் கம்பத்தில் முகத்தை மோதிக்கொண்டார். மேல் முன்பற்கள் இரண்டும் ஈறோடு ஒட்ட உடைந்துவிட்டன. கதையை என்னிடம் சொன்னபோது, "ஆனா கோல் போயிருச்சுக்கா," என்பதை இரண்டு முறை சொன்னார்.

எங்கள் டாக்டர் வேர் சிகிச்சை செய்து, உள்ளே உலோகத் தண்டு வைத்து, அதன் மேல் அடிப்பல் கட்டி, மேலே மாட்டும் பல் உறைக்காக எங்களிடம் அனுப்பினார். ஈப்போவில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார், அவசரப்பட்டுப் பேசவும் மாட்டார். குணாவுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பற்கள் என்பதால் கேஸை நானே எடுத்துக்கொண்டேன்.

அழகுக்கு முதலிடம் கொடுப்பதாக இருந்தால் கண்ணாடிப் பீங்கானை உருக்கி, அச்சுக்குள் அழுத்திச் செய்திருப்பேன். வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும். நிஜப் பல் தோற்றுப்போகும். ஆனால் குணாவின் உடைந்த பல்லின் வேர் கறுத்துப்போய், நடுவில் உலோகமும் இருந்தது. அதன் மேல் கண்ணாடிப் பீங்கானைப் போட்டால், குளியலறைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல் நிழல் தெரியும். சிர்கோனியா என்ற கெட்டிப் பீங்கானில் உள்ளுறை செய்து, மேலே தூரிகையால் பீங்கான் மாவைப் பூசிப் பூசிச் சுடுவது இன்னொரு வழி. பார்க்கவும் நன்றாக இருக்கும், கறுப்பையும் மறைக்கும். ஆனால் மேல்பூச்சு முரட்டு வாயில் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். அதனால் அவரிடமே கேட்டேன்.

"பல்லால என்னென்ன செய்வீங்க?"

"சாப்பிடுவேன்கா."

"வேற?"

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பாட்டில் மூடி. எப்பவாச்சும்தான்கா. ஓப்பனர் இல்லாதப்ப."

கூட வந்திருந்த கல்யாணப் பெண் வாணி சிரித்துவிட்டாள். "இவர் வீட்டுல ஓப்பனரே கிடையாதுக்கா."

முடிவு அங்கேயே ஆகிவிட்டது. பூச்சு எதுவும் வேண்டாம், ஒரே கட்டியாகக் கடைந்தெடுத்த சிர்கோனியா. உங்களுக்குத் தெரிந்ததுதான்: சாக்பீஸ் போல் மெத்தென்று இருக்கும் வட்டிலிருந்து மில்லிங் மெஷின் அதைப் பெரிதாகக் கடையும், உலையில் போனால் சுருங்கி, இறுகி, சரியான அளவுக்கு வரும். மேலே லேசாக நிறம் தீட்டி மெருகு ஏற்றினேன். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பக்கத்துப் பற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். எது நிஜம், எது செய்தது என்று வாணிக்கே தெரியவில்லை. ஈறு ஆறி அடங்கட்டும், கல்யாணம் முடிந்ததும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் தற்காலிகப் பசையில் வைத்து அனுப்பினார். அவருடைய அந்த நிதானத்தை அப்போது நான் மனதுக்குள் கேலி செய்தேன்.

சனிக்கிழமை கோயிலில் தாலி, ஞாயிறு மாலை மண்டபத்தில் விருந்து. அதற்கு முந்தைய வியாழன் பிற்பகலில் குணாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பல்லு இல்லக்கா."

"எங்க விழுந்துச்சு? எடுத்து வச்சீங்களா?"

"விழலக்கா. இருக்கு."

"அப்புறம் என்ன?"

"இருக்கு, ஆனா இல்லக்கா."

போனை வாணி வாங்கிக்கொண்டாள். மண்டபத்தில் நடன ஒத்திகை நடந்திருக்கிறது. அவளுடைய தோழிகள் ஒளிரும் சாயம் பூசிய வெள்ளைத் துணி உடுத்தி, இருட்டில் ஊதா விளக்கு மட்டும் போட்டு ஆட, மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் நடந்து வருவதாக ஏற்பாடு. விளக்கு மாறியதும் குணா சிரித்தார். பற்கள் எல்லாம் நீல வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தன. நடுவில் மட்டும் இரண்டு பல் அகலத்துக்குக் கருங்குழி. தோழி ஒருத்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தரையில் தேடவே ஆரம்பித்துவிட்டாளாம்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. நிஜப் பல் ஊதா விளக்கின் கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கிக்கொண்டு தானே ஒளிரும். நாம் கடைந்த சிர்கோனியா ஒளிராது. பகலிலோ வீட்டு விளக்கிலோ அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அட்டவணையில் பாரம் இருந்தது, நிறம் இருந்தது, உலைச் சூடு இருந்தது. டிஸ்கோ விளக்கு இல்லை.

அரை மணி நேரத்தில் அவர்கள் லேபுக்கு வந்துவிட்டார்கள். குணா, வாணி, பிறகு வாணியின் பெரியம்மா. பெரியம்மா லூமுட்டிலிருந்து கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்தவர். தாயில்லாத வாணியை வளர்த்தவர் அவர்தான். வாணியின் அப்பா எதற்கும் அவர் வார்த்தையைத்தான் கேட்பார். கையில் பயணப் பை அளவுக்கு ஒரு கைப்பை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பொண்ணு கொடுக்கிறோம். மாப்பிள்ளைக்குப் பல்லு செட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? மறைச்சிட்டாங்க. இதை மறைச்சவங்க இன்னும் எத மறைச்சாங்களோ."

"எனக்குத் தெரியும் பெரியம்மா," என்றாள் வாணி.

"ஒனக்குத் தெரிஞ்சா போதுமா? ஞாயித்துக்கிழம ஹால் பூரா பாக்கப் போவுது. நான் ஒங்கப்பாகிட்ட பேசுறேன். கல்யாணத்தத் தள்ளிப் போடலாம்."

குணா என்னைப் பார்த்தார். எக்ஸ்கவேட்டரின் வாளிக்குள் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

டாக்டருக்குப் போன் செய்தேன். கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான், அவரும் வந்துவிட்டார். முதலில் நோயை நேரில் பார்க்க வேண்டும் என்றார். நம்மிடம் ரெசின் என்ற பிசினை இறுக வைக்கும் ஊதாப் பெட்டி இருக்கிறது, ஆனால் அதற்குள் முகம் போகாது. பக்கத்துக் கடையில் நகத்துக்குச் சாயம் பூசி ஊதா விளக்கில் காயவைக்கும் சீனப் பெண்ணிடம் ஓடினேன். அவள் விளக்கை எடுத்துக்கொண்டே, கைக்கா காலுக்கா என்று மலாயில் கேட்டாள். பல்லுக்கு என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

திரையை இழுத்துவிட்டு, குணாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, விளக்கின் வாயில் அவர் வாயை வைத்தோம். சொன்னது சரிதான். இரண்டு பற்கள் இருந்த இடத்தில் இருட்டு. டாக்டர் தன் பல்லையும் காட்டிப் பார்த்தார். ஒளிர்ந்தது. வாணியின் பற்களும் ஒளிர்ந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, கண்ணைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் குணாவுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

"தள்ளுங்க, நானும் பாக்குறேன்," என்று பெரியம்மா குனிந்தார். மேசையில் நாங்கள் நிறம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

பக்கவாட்டில் மூன்று பற்கள் இல்லை.

பிளாஸ்டிக் செட். அதுவும் நன்றாகச் செய்த செட். நானே பகலில் கண்டுபிடிக்கவில்லை. கண்ணாடியில் அவரும் அதைப் பார்த்தார். அடுத்த நொடி என்னைப் பார்த்தார். வாணி திரும்புவதற்குள் நான் விளக்கின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"சூடாயிருச்சு," என்றேன். "இரவல் சாமான், கெட்டுப் போயிரும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் வாதத்தில் ஜெயித்திருப்பேன். குணா தப்பித்திருப்பார். ஆனால் ஒரு பெண்மணி தன் வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்ததை நம் மேசையில் போட்டு உடைத்திருப்போம். நம் கைக்கு வருவது பல் மட்டும் இல்லை, அதைப் பற்றி அந்த ஆள் வெளியே சொல்லாததும் சேர்ந்துதான் வருகிறது. இதை எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். லூமுட்டில் இருந்த வாணியின் அப்பாவை அழைத்தார்.

"தம்பி, மாப்பிள்ள பல்லு நல்லா இருக்கு. ஹால்ல லைட்டுதான் சரியில்ல. லேப்ல பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ சாப்பாட்டப் பாரு."

குணாவுக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்காமலேயே கும்பிட்டார்.

அடுத்தது என்ன செய்வது என்ற பேச்சு. விளக்கை நிறுத்திவிடலாம் என்றார் குணா. தோழிகள் மாதக் கணக்கில் பழகிய ஆட்டம், அது நடக்காது என்றாள் வாணி. ஒளிரும் தன்மையுள்ள கண்ணாடிப் பீங்கானில் செய்யலாமே என்றார் டாக்டர். விருந்துக்குச் சரி, மறுநாள் காலையிலிருந்து ஆயுள் முழுக்கக் கறுப்பு நிழல் தெரியுமே என்றேன். அவரே தலையாட்டினார்.

இருந்தது ஒரே வழி. ஒளிரும் மெருகு என்று ஒன்று இருக்கிறது. சிர்கோனியாவின் மேல் மெல்லப் பூசிச் சுட்டால் நிஜப் பல் போல் ஊதாவில் தெரியும். நம் அலமாரியில் ஒரு புட்டி இருந்தது. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, "அப்ப இப்பவே கழட்டித் தாரேன், பூசிக் கொடுங்க," என்றார்.

நான் வேண்டாம் என்றேன். வாயில் இருந்து ஈரம் குடித்ததை அவசரமாக மறுபடி சுட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? மணமேடையில் மாப்பிள்ளைக்குப் பகலிலும் பல் இருக்காது. கடைந்து செய்வதில் ஒரு பெரிய வசதி, வடிவம் கணினியில் இருக்கிறது. அதே பற்களை இன்னொரு ஜோடி கடைவோம், அது சரியாக வந்த பிறகு வாயில் இருப்பதைத் தொடுவோம் என்றேன். கையால் பூசிச் செய்த காலமாக இருந்தால் இரண்டாவது ஜோடி முதல் ஜோடிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரிதான் இருந்திருக்கும்.

"சரி, உலைல வேகமாச் சுடுற முறை இருக்கே. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்லா?"

"இந்த வட்டு அதுக்குச் செஞ்சது இல்ல டாக்டர். வேகமாச் சுட்டா நிறம் வேற மாதிரி வரும். ஊதால பல்லு தெரியும், பகல்ல சுண்ணாம்பு மாதிரி தெரியும். கோயில்ல பகல்தான."

அவர் கையுறையைக் கழற்றினார். அவசரப்படாத மனிதரை அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மாலையிலேயே கடைந்து மெதுவான சூட்டில் வைத்துவிட்டுப் போனோம். வெள்ளி காலை வந்து பார்த்தால் பற்கள் நன்றாகச் சுருங்கி, அளவாக வந்திருந்தன. மெருகை நேரே அவற்றில் பூசாமல், கழித்துப் போட்ட ஒரு பழைய கிரவுன் உறையில் முதலில் பூசிச் சுட்டேன். நகக்கடை விளக்கில் பிடித்தால் டியூப்லைட். அதை மாட்டிக்கொண்டு குணா சிரித்தால் பெண் வீட்டார் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்த வெளிச்சம் போதும். மெருகை இளக்கி, மெல்லிசாக்கி, மறுபடி இன்னொரு கழிவில் பூசினேன். இப்போது என் பல்லின் ஒளியும் அதன் ஒளியும் ஒன்றாக இருந்தன. அதன் பிறகுதான் குணாவின் பற்களில் கை வைத்தேன்.

பிற்பகலில் எல்லாரும் கிளினிக்கில் கூடினோம். டாக்டர் பழைய ஜோடியைக் கழற்றினார். ஒன்று உடனே வந்துவிட்டது. மற்றது வரவில்லை. தற்காலிகப் பசை தன் பெயரை மறந்து பிடித்துக்கொண்டது. இழுத்தார், அசைத்தார், கருவியை மாற்றினார். பலமாக இழுத்தால் உள்ளே இருக்கும் தண்டோடு வந்துவிடும். வெட்டி எடுக்கலாம் என்றால், நாம் பெருமைப்படுகிற அதே கெட்டித்தனம் இப்போது எதிரி. சிர்கோனியாவை வெட்ட நேரம் ஆகும், சூடேறும், கை தவறினால் அடிப்பல்லே போகும். ஒரு பல் ஒளிர்ந்து ஒரு பல் இருட்டாக மாப்பிள்ளை நடந்து வருவதை நான் ஏற்கனவே மனதில் பார்த்துவிட்டேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்து வந்தார். கைப்பையைத் திறந்து, இலையில் சுற்றிய டோடோல் கட்டி ஒன்றை எடுத்தார். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டிய அந்தக் கறுப்பு மிட்டாய் எவ்வளவு பிசுபிசுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"இதக் கடிக்கச் சொல்லுங்க டாக்டர். இழுத்துக்கிட்டு வந்துரும்."

டாக்டர் மரியாதையாக, "இல்லம்மா, அது," என்று ஆரம்பித்தார்.

"வந்துரும். எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் டாக்டரைப் பார்த்து, "செஞ்சு பாக்கலாம் டாக்டர்," என்றேன். ஒட்டும் பசைக்கட்டியைக் கடிக்க வைத்துக் கிரவுனைக் கழற்றுவது அவருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் அவர் கற்ற இடத்தில் அது டோடோலாக இருக்கவில்லை.

ஒரு துண்டை விரலால் உருட்டி அந்தப் பல்லுக்குக் கீழே வைத்தார். "மெதுவாக் கடிங்க. அப்படியே இருங்க. நான் சொன்னதும் சட்டுன்னு வாயத் திறக்கணும்."

குணா கடித்தார். கண்ணை மூடினார். அவர் தாடை லேசாக அசையத் தொடங்கியது.

"மெல்லாதீங்க," என்று டாக்டர் கத்தினார். அவர் குரல் உயர்ந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பிறகு, "திறங்க."

டக்கென்று ஒரு சத்தம். டோடோலில் நட்டு வைத்தது போல் கிரவுன் நின்றது. தண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டர் அந்த மிட்டாயைக் கையில் ஏந்தி, ஏதோ பரிசு வாங்கியவர் போல் பார்த்தார். பெரியம்மா மிச்சத்தை இலையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். புது ஜோடி ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்தது.

ஞாயிறு மாலை விருந்துக்கு டாக்டரையும் என்னையும் முன்வரிசை மேசையில் உட்கார வைத்தார்கள். விளக்கு அணைந்தது. ஊதா விளக்கு எரிந்தது. தோழிகள் ஆடினார்கள், குணாவும் வாணியும் நடுவில் நடந்து வந்தார்கள். எங்கள் மேசை அருகே வந்ததும் குணா எங்களைப் பார்த்து வாய் முழுக்கச் சிரித்தார். எல்லாப் பல்லும் வரிசையாக இருந்தன. மேசைக்கடியில் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறிமுகமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. எதிர் மேசையில் பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

எல்லாம் முடிந்தது என்று நான் சோற்றில் கை வைத்தேன். அப்போது அறிவிப்பாளர், மாப்பிள்ளையின் அப்பா இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்.

அவர் சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும் அங்கேயே இருப்பவர். ஒத்திகைக்கு வரவில்லை. விளக்குப் போடுகிற பையன் அறிவிப்பாளரைப் பார்க்கவில்லை, ஊதா விளக்கு அப்படியே எரிந்தது. பெரியவர் சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் மின்னல் மாதிரி ஜொலிக்க மேடை ஏறினார். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். என் மவன் சின்னப் புள்ளையிலேருந்தே சிரிச்ச முகம். அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்குறீங்களா? எங்கிட்டேருந்துதான்."

சொல்லிவிட்டு அகலமாகச் சிரித்தார்.

மேலும் கீழும் முழு பிளாஸ்டிக் செட். ஜொலிக்கும் சட்டைக்கு மேலே ஒரு குகை திறந்தது. ஒரு பல்கூட இல்லை.

மண்டபம் வெடித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். வாணி குணாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். குணா கண்ணீர் வரச் சிரித்ததில் நாங்கள் செய்த வேலையை மண்டபமே பார்த்தது. பெரியவருக்கு ஒரே சந்தோஷம். ஜனங்களுக்குத் தன் பேச்சு இவ்வளவு பிடிக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அதனால் அதே வரியை இன்னொரு தடவை சொல்லி, இன்னும் அகலமாகச் சிரித்தார்.

டாக்டர் என் பக்கம் குனிந்தார். "அக்கா, அந்த செட் யார் செஞ்சது?"

"நாம இல்ல டாக்டர்."

"ரொம்ப நல்ல செட்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பெரியவரிடம் இதுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அந்த செட் உறுத்தினால் இப்போது அவர் நம் லேபுக்குத்தான் கொண்டுவருகிறார். வந்தால் அன்றைய பேச்சை முதலிலிருந்து பேசிக் காட்டுவார். எவ்வளவு வேலை இருந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் அவரே நிறுத்தி, உங்கள் முகத்தைப் பார்ப்பார்.